ஊர்க் கடலையை ஊரிலேயே ஆட்ட ஒரு செக்கு போட்டால் நிற்குமா?

மேட்டுக்காடு:
எல்லோருக்கும் வணக்கம். திருவண்ணாமலை மாவட்டம், செங்கம் பக்கம் எங்கள் ஊர். 320 வீடு, பெரும்பாலும் மானாவாரி. ஆடிப்பட்டத்தில் நிலக்கடலை, கிணறு உள்ளவர்கள் மார்கழியிலும் போடுவார்கள். காய் காய்ந்த வாரமே மூட்டை லாரி ஏறிவிடும். அடுத்த வாரம் அதே தெருவில் வெளியூர் பாக்கெட் எண்ணெய் வாங்கிக்கொண்டிருப்போம். கறவை மாடு 200க்குக் குறையாது. அவற்றுக்குப் புண்ணாக்கும் தீவனமும் வெளியிலிருந்துதான் வருகின்றன. படித்த பிள்ளைகள் ஓசூருக்கும் திருப்பெரும்புதூருக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள்.

மகளிர் குழுக்களில் மூன்று ஒழுங்காக நடக்கின்றன. அவர்களோடு பேசி ஒரு திட்டம் போட்டிருக்கிறோம். கையில் 8 லட்சம் வரை திரட்ட முடியும். இரண்டு மரச்செக்கு, பாட்டில், லேபிள், சொந்தப் பெயர், சென்னை அடுக்ககங்களுக்கும் இணையத்திலும் விற்பனை. விவசாயிகளே பங்குதாரர்களான உற்பத்தியாளர் நிறுவனமாகப் பதிவு செய்யலாமா என்றும் யோசனை.

கேட்க விரும்புவது: இரண்டு செக்கு போதுமா? என்னென்ன உரிமம் வேண்டும்? குழுவாக நடத்துவதா, நிறுவனமாகவா? செக்கைத் தவிர ஊருக்குள் பணம் தங்க வேறு என்ன செய்யலாம்?

செக்கடி:
இரண்டு செக்கு வேண்டாம். ஒன்றே அதிகம். எப்படி என்று பாருங்கள்.

வழக்கமான மரச்செக்கு ஒன்றில் ஒரு ஆட்டுக்கு, அதாவது ஒரு தடவை ஆட்ட, காய் உடைத்த பருப்பு 15 கிலோ போடலாம். கொட்டுவது, ஆட்டுவது, வழிப்பது எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம். நாளுக்கு 8 ஆட்டு என்றால் 120 கிலோ. நல்ல பருப்பில் 40 சதவீதம் எண்ணெய் இறங்கும். அது 48 கிலோ, லிட்டர் கணக்கில் 52. மாதம் 24 நாள் ஓடினால் ஏறக்குறைய 1,250 லிட்டர். உங்கள் 320 வீடும் மாதம் 4 லிட்டர் வீதம் எல்லா எண்ணெயும் சேர்த்துச் செலவழிப்பதே 1,280 லிட்டர்தான். பாதி வீடுகள் வீட்டுக்கு 2 லிட்டர் கடலை எண்ணெய் வாங்கினால் 320 லிட்டர். ஒரு செக்கு ஏழு நாளில் அதை முடித்துவிட்டு மீதி நாள் சும்மா நிற்கும்.

அடுத்து விலை. 100 கிலோ காய்ந்த காயை உடைத்தால் 70 கிலோ பருப்பு. சொத்தை, சுருங்கல் 3 கிலோ கழித்தால் 67. தெளிந்த எண்ணெய் 28 லிட்டர், புண்ணாக்கு 38 கிலோ கிடைக்கும். 2025-26க்கான அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,263 ரூபாய். புண்ணாக்கைக் கிலோ 40 ரூபாய் என்று வைத்து 1,520ஐக் கழித்தால் லிட்டருக்குச் சரக்கு மட்டுமே 205 ரூபாய். ஆட்கூலி, மின்சாரம், பாட்டில், லேபிள், தேய்மானம் எல்லாம் லிட்டருக்கு 35 முதல் 45 ரூபாய் வரும். ஆக அடக்கமே 240 முதல் 250. எண்ணெய் இறங்குவது 40லிருந்து 37 சதவீதம் ஆனால் இன்னும் 15 ரூபாய் ஏறும். இதற்கு மேல் சென்னைக்கு வண்டி வாடகை, கசிவு, இணையத்தளக் கமிஷன். அந்த விலைக்கு வாங்குகிறவர்களைத் தேடிப் பிடிப்பது தனி வேலை. குழுப் பெண்கள் அதில் சிக்கிக்கொண்டால் செக்கைப் பார்க்க ஆள் இருக்காது.

முதலீட்டைக் கரைப்பது இயந்திரம் இல்லை, கடலைதான். மாதம் 320 லிட்டர் விற்க வருடத்துக்கு 13 முதல் 14 டன் காய் வேண்டும். அறுவடையில் விலை இறங்கும்போது வாங்கி அடுக்கினால்தான் கட்டுப்படியாகும். ஆதரவு விலைக்கே வாங்கினாலும் 10 லட்சம். இரண்டு பட்டமாகப் பிரித்தாலும் ஒரு நேரத்தில் 5 லட்சம் காயிலேயே முடங்கும். 8 லட்சத்தில் பாதிக்கு மேல் இயந்திரத்தில் போட்டுவிட்டால் செக்கு இருக்கும், ஆட்டக் கடலை இருக்காது.

ஆகவே முதல் ஒரு வருடம் கூலிக்கு ஆட்டுங்கள். வீட்டுக்காரர் தன் பருப்பைக் கொண்டுவருவார், தன் பாத்திரத்தில் எண்ணெயை எடுத்துப் போவார். சரக்கு முதல் வேண்டாம், பாட்டில் வேண்டாம், விற்காமல் தேங்குமோ என்ற பயமும் வேண்டாம். கிலோவுக்கு 15 ரூபாய் என்று வைத்தால் முழு நாள் வரவு 1,800. இரண்டு ஆள் கூலி 1,000, 3 எச்.பி. மோட்டாருக்கு 18 யூனிட் மின்சாரம், உலக்கைத் தேய்மானம் போக 600, 650 நிற்கும். வங்கித் தவணை 9,000 என்றால் மாதம் 14, 15 நாளாவது முழுதாக ஓட வேண்டும். உங்கள் ஊர் மட்டும் போதாது. சுற்றி 5 கிலோமீட்டருக்குள் இன்னும் மூன்று ஊர் வரவேண்டும். அவற்றில் எங்காவது ஏற்கெனவே செக்கு ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள். ஓடினால் இந்தத் திட்டத்தையே மாற்றுங்கள். ஒரே வட்டத்தில் இரண்டு செக்கு இருந்தால் இரண்டும் படுக்கும்.

வாங்கும்போது உலக்கை வாகை மரமா என்று பாருங்கள். புது மரம் எண்ணெய் குடிக்கும். முதல் மூன்று நான்கு ஆட்டுக்கு எண்ணெய் குறையும் என்பதால் அதைச் சொந்தக் கடலையில் முடித்துவிட்டுத்தான் வெளியார் கடலையைத் தொடவேண்டும். இல்லாவிட்டால் "அங்கே எண்ணெய் திருடுகிறார்கள்" என்ற பேச்சு முதல் வாரமே கிளம்பிவிடும்.

உலர்களம்:
கணக்கைச் செக்கடி சொல்லிவிட்டார். கடலையின் தரத்தைப் பற்றி நான் சேர்க்கிறேன், ஏனென்றால் இது உடம்பு சம்பந்தப்பட்டது.

செக்கு எண்ணெய் சுத்திகரிக்கப்படாதது. அதுதான் அதன் பெருமை, அதுதான் அதன் ஆபத்தும். கடலையில் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை பிடித்தால் அஃப்ளடாக்ஸின் என்ற நஞ்சு உண்டாகும். ஆலைச் சுத்திகரிப்பில் காரம் (ஆல்கலி) சேர்த்து வெளுக்கும்போது அது பெரும்பாலும் போய்விடும். செக்கில் போகாது. தெளியாத கசடோடு எண்ணெயில் கொஞ்சம் தங்கும், பெரும்பங்கு புண்ணாக்கில் இறங்கும். அந்தப் புண்ணாக்கைத் தின்ற மாட்டின் பாலில் எம்1 என்ற வடிவில் வெளியே வரும். 2018இல் நாடு முழுக்க எடுத்த பால் ஆய்வில் 6,432 மாதிரிகளில் 368இல் எம்1 வரம்பைத் தாண்டியிருந்தது. அதில் 88 தமிழ்நாட்டு மாதிரிகள். உங்கள் ஊரில் செக்கும் கறவையும் ஒரே சங்கிலி என்பதால் இதை விளையாட்டாக விடக்கூடாது.

பூஞ்சை காட்டிலேயே ஆரம்பிக்கிறது. கடைசி 30 நாளில் மழை இல்லாமல் மண் காய்ந்து சூடேறினால் காயின் ஓட்டில் வெடிப்பு விழும், புழுவும் துளைக்கும். அந்தக் காயைப் பிடுங்கும்போதே தனியாகப் போடச் சொல்லுங்கள். பிடுங்கும்போது காயில் 35 முதல் 40 சதவீதம் ஈரம் இருக்கும். செடியைத் தலைகீழாக, காய் மேலே தெரிய, வரிசையாக வைத்தால் காற்றுப் பட்டு இரண்டு மூன்று நாளில் பாதி காயும். பச்சையாகக் குவித்து மூடினால் உள்ளே வெந்து பூஞ்சை பிடிக்கும். காய் பறித்த பிறகு களத்தில் மெல்லியதாகப் பரப்பி 8 சதவீதம் வரை காயவைக்க வேண்டும். காயைக் குலுக்கினால் உள்ளே பருப்பு ஆடும் சத்தம் கேட்கவேண்டும்.

உடைக்கும்போது செய்யும் தவறு ஒன்று உண்டு. பருப்பு இரண்டாக உடையாமல் முழுசாக வரவேண்டும் என்று காயில் தண்ணீர் தெளித்து உடைப்பார்கள். எண்ணெய்க்குப் போகிற கடலையில் அது அறவே கூடாது. உடைந்த பருப்பு எண்ணெய்க்குக் குறையில்லை, ஈரப் பருப்புதான் கெடுதி. காயாகவே சாக்கில் கட்டி, தரையில் படாமல் பலகை மேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்குங்கள். அந்த வாரம் ஆட்டுவதை மட்டும் உடையுங்கள்.

பிறகு பொறுக்குவது. சுருங்கியது, நிறம் மாறியது, பச்சை மஞ்சள் தூசி படிந்தது, முளைவிட்டது எல்லாவற்றையும் கையால் எடுத்துவிட வேண்டும். நஞ்சின் பெரும்பங்கு இந்தக் கொஞ்சப் பருப்பில்தான் குவிந்திருக்கும். பொறுக்கி எடுத்த 3 கிலோவை "மாட்டுக்குப் போடலாம்" என்று எடுத்து வைக்காதீர்கள். எரித்துவிடுங்கள். பொறுக்கும் பெண்களுக்கு நல்ல வெளிச்சமும் உட்கார்ந்து வேலை செய்ய மேசையும் கொடுங்கள். இந்த வேலைக்குக் கூலியைக் குறைத்தால் மற்ற எல்லாமே வீண்.

ஆட்டும்போது 15 கிலோவுக்கு 150 முதல் 200 மில்லி தண்ணீர், பருப்பு மாவான பிறகு தெளிப்பார்கள். குறைந்தால் எண்ணெய் பிரியாது. கூடினால் எண்ணெய் கலங்கும், புண்ணாக்கும் ஈரமாகிச் சீக்கிரம் பூஞ்சை பூக்கும். எண்ணெயை எவர்சில்வர் பாத்திரத்தில், வாயைத் துணியால் கட்டி, இரண்டு மூன்று நாள் வெயிலில் வைத்துத் தெளியவிடுங்கள். அடிக்கசடோடு பாட்டிலில் ஊற்றினால் ஒரு மாதத்தில் சிக்கு வாடை வரும். பித்தளை, செம்புப் பாத்திரம் வேண்டாம், அந்த உலோகம் எண்ணெயைக் காறவைக்கும். பழைய எண்ணெயின் மிச்சத்தில் புதியதை ஊற்றவே கூடாது.

மேட்டுக்காடு:
இருவருக்கும் மிக்க நன்றி. ஒரு நேரத்தில் 5 லட்சம் கடலையில் முடங்கும் என்பதை நாங்கள் கணக்கிலேயே எடுக்கவில்லை. கூலிக்கு ஆட்டுவது சரி என்று படுகிறது. ஆனால் "என் கடலைக்கு எண்ணெய் குறைந்துவிட்டது" என்ற சண்டை ஊருக்குள் வராதா? சொந்தபந்தமாக வேறு இருக்கிறோம்.

செக்கடி:
கட்டாயம் வரும். மூன்று எடை போட்டால் அடங்கும். வந்தவர் கண்முன் பருப்பை எடை போட்டு ஒரு சீட்டில் எழுதுங்கள். ஆட்டி முடித்ததும் எண்ணெய் எடை, புண்ணாக்கு எடை. தெளித்த தண்ணீரையும் சேர்த்துப் பார்த்தால் இரண்டும் கூட்டிப் பருப்பு எடைக்கு 2, 3 சதவீதம் முன்பின்னாக வரவேண்டும். எண்ணெய் குறைந்து புண்ணாக்கு கூடியிருந்தால் சரியாக ஆட்டவில்லை, அல்லது பருப்பு முற்றவில்லை. இரண்டுமே குறைந்திருந்தால்தான் கேள்வி. சீட்டில் ஒரு நகல் கொட்டகையில் இருக்கட்டும். எண்ணெயை லிட்டரில் அளந்து கொடுக்காதீர்கள், நுரையும் சூடும் கணக்கைக் குழப்பும். எடைதான். மின்னணுத் தராசுக்கு வருடாவருடம் முத்திரை போடவேண்டும்.

10 கிலோவுக்குக் குறைவாகக் கொண்டுவருபவர்களைத் திருப்பி அனுப்பாமல், வாரத்தில் ஒரு நாளை வைத்து அன்று மட்டும் இரண்டு வீட்டார் சம்மதத்தோடு சேர்த்து ஆட்டலாம். புண்ணாக்கைக் கூலிக்கு ஈடாக விட்டுப்போகும் வழக்கம் பல ஊரில் உண்டு. அதற்கு இடம் கொடுங்கள், ஆனால் அன்றைய விலையைப் பலகையில் எழுதிவிடுங்கள்.

கணக்கேடு:
உரிமம், பதிவு பற்றிச் சுருக்கமாக.

கூலிக்கு மட்டும் ஆட்டினாலும் உணவுப் பாதுகாப்புப் பதிவு எடுத்துவிடுங்கள். வருட விற்றுமுதல் 12 லட்சத்துக்குள், உற்பத்தித் திறன் நாளுக்கு 100 கிலோ அல்லது லிட்டருக்குள் என்பது 2011ஆம் ஆண்டின் ஒழுங்குமுறை சிறு உற்பத்தியாளர் பதிவுக்கு வைத்த வரம்பு, கட்டணம் வருடத்துக்கு 100 ரூபாய். இரண்டாவது செக்கு வந்தால் 104 லிட்டர், அந்த வரம்பு இன்னும் இருந்தால் தாண்டிவிடுவீர்கள், மாநில உரிமம் கேட்பார்கள். ஒரே செக்கு என்பதற்கு இது இன்னொரு காரணம். வரம்புகள் அவ்வப்போது திருத்தப்படும், விண்ணப்பிக்கும் அன்று இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

விற்பனைக்கு வரும்போது ஒன்றை மறக்காதீர்கள். சமையல் எண்ணெயை அடைக்காமல் சில்லறையாக விற்பதற்கு 2011ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையில் தடை இருக்கிறது. "பாத்திரம் கொண்டுவாருங்கள், ஊற்றித் தருகிறோம்" என்பது கூலி ஆட்டுக்குப் பொருந்தும், உங்கள் எண்ணெயை விற்கும்போது பொருந்தாது. லேபிளில் பெயர், முகவரி, நிகர அளவு, அடைத்த தேதி, எதற்குள் பயன்படுத்த வேண்டும், அதிகபட்ச விலை, தொகுதி எண், 14 இலக்கப் பதிவு எண், பச்சைக் குறி, புகார் தொலைபேசி எல்லாம் வேண்டும்.

மின் இணைப்பில்தான் பலர் பணத்தை இழக்கிறார்கள். விவசாய இணைப்பிலிருந்து செக்கு ஓட்டக் கூடாது, பிடித்தால் அபராதம். கடை இணைப்பும் வேண்டாம், யூனிட் விலை அதிகம். 12 கிலோவாட் வரையுள்ள குடிசை மற்றும் குறுந்தொழில்களுக்கான வீதப்பட்டி 3ஏ1இல் கேளுங்கள். சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவுச் சான்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தெருவில் மும்முனை மின்சாரம் எந்தெந்த நேரம் என்பதை ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். மோட்டார் எரிவதற்குக் காரணம் பெரும்பாலும் குறைந்த மின்னழுத்தமும் ஒரு முனை போய்விடுவதும்தான். ஓவர்லோடு ரிலேயும் ஒருமுனைத் தடுப்பானும் இல்லாமல் மோட்டாரைப் பூட்டாதீர்கள்.

உற்பத்தியாளர் நிறுவனம் இப்போது வேண்டாம். 10 உறுப்பினர், 5 இயக்குநர் இருந்தால் பதிவாகிவிடும், அது எளிது. பதிந்த பிறகு வியாபாரமே நடக்காவிட்டாலும் வருடாவருடம் தணிக்கை, கணக்கறிக்கை, ஆண்டறிக்கை தாக்கல் உண்டு. தாமதமானால் ஒவ்வொரு படிவத்துக்கும் நாளுக்கு 100 ரூபாய் கூடிக்கொண்டே போகும். மூன்று வருடம் கவனிக்காமல் விட்டால் அந்தத் தொகையே செக்கின் விலையை நெருங்கும். நன்றாக நடக்கும் ஒரு மகளிர் குழுவின் பெயரில், தனி வங்கிக் கணக்கில் தொடங்குங்கள். நான்கைந்து ஊர் சேர்ந்து காயை மொத்தமாக வாங்கி விற்கும் அளவு வந்த பிறகு நிறுவனம்.

மானியத்தில் பொருந்துவது பிரதமரின் குறு உணவுப் பதப்படுத்தும் தொழில் முறைப்படுத்தல் திட்டம். திட்டச் செலவில் 35 சதவீதம், உச்சம் 10 லட்சம். குழு உறுப்பினருக்கு 40,000 ரூபாய் வரை தொடக்க முதலும் உண்டு. 2025-26 வரை என்று அறிவித்த திட்டம் இது, தொடர்கிறதா என்று மாவட்டத்தில் கேட்டுவிட்டு இறங்குங்கள். வங்கிக் கடனோடு சேர்ந்துதான் மானியம். அது கைக்கு வராது, மூன்று வருடம் கடன் கணக்கின் பேரிலேயே இருக்கும். கடன் அனுமதிக்கு முன்பே இயந்திரம் வாங்கிவிட்டுப் பில்லைக் காட்டினால் ஏற்க மாட்டார்கள்.

சந்தைமேடு:
நீங்கள் கேட்ட கடைசிக் கேள்விதான் எனக்கு முதன்மையாகப் படுகிறது. செக்கை முடிவு செய்துவிட்டு ஊரைப் பார்க்கிறீர்கள். ஊரை அளந்துவிட்டுச் செக்கா வேறொன்றா என்று பாருங்கள்.

தஞ்சாவூரில் பிறந்த காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி.குமரப்பா, 1934இல் தொடங்கிய அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தின் செயலாளராக வார்தாவில் இருந்தார். அங்கே மகன்வாடியில் செக்கைத் திருத்தி அமைக்கும் வேலையும் நடந்தது. செக்கு பழம்பெருமை என்பதற்காக அதை எடுக்கவில்லை. விதை, எண்ணெய், புண்ணாக்கு, மாடு, எரு என்று எல்லாமே ஊர் எல்லைக்குள் சுற்றிவர அது அச்சாணி என்பதால் எடுத்தார்கள். நம் காலத்தில் திருவள்ளூர் மாவட்டம் குத்தம்பாக்கத்தில் 1996இல் ஊராட்சித் தலைவரான இளங்கோவும் இதையே வேறுவிதமாகச் சொல்லிவருகிறார்: ஒரு ஊர் தனியாக முடியாது, பத்துப் பதினைந்து ஊர் ஒன்றுக்கொன்று செய்து ஒன்றுக்கொன்று வாங்க வேண்டும்.

செய்முறை இதுதான். 30 வீட்டைத் தேர்ந்தெடுங்கள், பத்துக்கு ஒன்றாக, எல்லாத் தெருவும், காலனியும் வரும்படி. எண்ணெய், பருப்பு, மிளகாய்த்தூள், சோப்பு, முட்டை, காய்கறி, இட்லி அரிசி, மாட்டுத்தீவனம், துணி தைப்பது, மாவு அரைப்பது. ஒவ்வொன்றும் போன மாதம் எவ்வளவு, என்ன விலை, எங்கே வாங்கியது. வீட்டுப் பெண்களிடம் கேளுங்கள், ஆண்களிடம் கேட்டால் அளவு தப்பாக வரும். வீட்டுப் பொருள்களை 320 வீட்டுக்குப் பெருக்குங்கள். மாடு 30 வீட்டிலும் சமமாக இருக்காது, ஆகவே தீவனத்துக்கு மட்டும் ஊரில் உள்ள எல்லாக் கறவையையும் எண்ணிவிடுங்கள்.

நீங்கள் கொடுத்த எண்ணிலேயே ஒன்று தெரிகிறது. 200 கறவையில் 150 பாலில் இருக்கும் என்று வையுங்கள். உடம்புக்கு ஒன்றரை கிலோ, லிட்டர் பாலுக்கு 400 கிராம் என்று பார்த்தால், 4 லிட்டர் கறக்கும் மாட்டுக்கு நாளுக்கு 3 கிலோ தீவனம். மாதம் 13.5 டன். கிலோ 30 ரூபாய் என்றாலும் 4 லட்சம் ரூபாய் ஊரைவிட்டுப் போகிறது. எண்ணெய்க்குப் போவது, லிட்டர் 150 என்று வைத்தாலும், 2 லட்சத்துக்குள்தான். செக்கில் மாதம் 320 லிட்டருக்குக் கிடைக்கும் புண்ணாக்கு 430 கிலோ. தீவனத்தில் அது ஒரு துளி.

அதனால் செக்குக் கொட்டகையிலேயே, அதே மின் இணைப்பில், 5 எச்.பி. அரவை இயந்திரம் ஒன்று போட்டுத் தீவனம் கலப்பதைப் பாருங்கள். மக்காச்சோளம் அல்லது கம்பு 35 கிலோ, புண்ணாக்கு 28, தவிடு 34, தாது உப்புக் கலவை 2, உப்பு 1 என்பது 100 கிலோவுக்கு ஒரு அடிப்படைக் கலவை. உங்கள் கால்நடை மருத்துவரிடம் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். மாடுகளுக்கு ஒரேயடியாக மாற்றாமல் பத்து நாளில் படிப்படியாக மாற்றவேண்டும், இல்லாவிட்டால் கழியும், பாலும் குறையும், பழி உங்கள் தீவனத்தின் மேல் விழும். பால் சங்கத்தில் பணம் பட்டுவாடாவாகும் அன்று தீவனப் பாக்கியைப் பிடித்துக்கொள்ள ஒப்புக்கொண்டால் கடன் நிலுவை ஏறாது. மிளகாய் அரைப்பதானால் தனி அறை, தனி இயந்திரம். அந்த நெடி எண்ணெயில் ஏறினால் போகாது.

வாரச்சந்தை பற்றி ஒரே வார்த்தை. சந்தை வியாபாரிகள் வாரம் ஆறு நாள் ஆறு ஊர் சுற்றுகிறவர்கள். அவர்களுக்கு எந்த நாள் ஓய்வோ அதுதான் உங்கள் நாள், உங்களுக்கு வசதியான நாள் இல்லை. முதல் மூன்று மாதம் சுங்கம் வசூலிக்க வேண்டாம் என்று ஊராட்சியில் பேசுங்கள். விளக்கு, தண்ணீர், பெண்களுக்குக் கழிப்பறை, இம்மூன்றும் இல்லாமல் தொடங்கினால் இருட்டும் முன்பே கலைந்துவிடும்.

மேட்டுக்காடு:
தீவனக் கணக்கைக் குழுவில் வாசித்துக் காட்டினேன். இரண்டாவது செக்கை விட்டுவிட்டோம். வரும் ஞாயிறு 30 வீட்டுக்கும் கேள்வித்தாள் போகிறது, மாட்டுக் கணக்கை இரண்டு பிள்ளைகள் தனியாக எடுக்கிறார்கள். ஒரு சந்தேகம் மட்டும்: 8 சதவீத ஈரம் என்பதை ஊரில் எப்படிப் பார்ப்பது? ஈரமானி வாங்கவேண்டுமா?

உலர்களம்:
இப்போதைக்கு வேண்டாம். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் ஈரமானி இருக்கும். நீங்கள் "நன்றாகக் காய்ந்துவிட்டது" என்று நினைக்கும் காயில் நான்கைந்து வீட்டு மாதிரி, ஆளுக்கு அரைக்கிலோ, காற்றுப் புகாத டப்பாவில் எடுத்துப்போய்ப் பாருங்கள். பையில் கொண்டுபோனால் வழியிலேயே ஈரம் மாறிவிடும். எந்த வீட்டுக் காய் 8க்குள் வந்ததோ, அவர்கள் எத்தனை நாள், எவ்வளவு கனத்தில் பரப்பிக் காயவைத்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள். மார்கழிக் கடலை களத்துக்கு வரும்போது மறுபடி ஒருமுறை பாருங்கள். அப்போது வெயிலின் சூடு வேறு, நாள் கணக்கும் வேறு.